பிரேக் லைட் தகராறு: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மும்பையில் எங்கள் செம்பூர்க் கட்டடத்தின் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். ராத்திரி முழுக்க என் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம். "ராத்திரியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். இந்த மாதிரி வண்டிகளில் அது ஒரு ஃபேஷன் என்று நினைத்துவிட்டாராம். இறங்கிப் போய்ப் பார்த்தால் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்திருந்தது. பெடலுக்குக் கீழே, மிதியடியின் மேல், பிஸ்கட் தூள்போல மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. அவை என்ன என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என்னுடையது இருபது வயதைத் தாண்டிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். பிரேக் லைட்டில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை அதில் வந்து போயிருக்கின்றன. இரண்டு கோளாறுகள் நானே கைவைத்து வரவழைத்தவை. மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் போன வருடம் பழைய கூபே ஒன்றை வாங்கினார். ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது என்று முதலில் பல்பை மாற்றினார், அப்புறம் ஹோல்டரை, அப்புறம் டெயில் லேம்ப்பை முழுதாகவே வரவழைத்து மாற்றினார். விளக்கு அப்போதும் மங்கலாகவே எரிந்தது. "அண்ணா, வயரிங் மொத்தமும் போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்று வந்து நின்றார். கோளாறு இருந்தது டிக்கியில், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றக்கூடிய ஒரே ஒரு போல்ட்டில். அவர் செலவழித்த பணத்தில் நல்ல டயர் ஒன்று வந்திருக்கும்.

ஆகவே இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டி காட்டும் அறிகுறியைத் தேடி அங்கே போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

மின்சாரம் போகும் வழியும் கையில் வேண்டிய பொருட்களும்

பேட்டரியின் பிளஸ், ஃபியூஸ், பிரேக் பெடலுக்கு மேலே ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து பின்பக்கம் வரை வயர், பல்பு, எர்த், வண்டியின் உடல் தகடு, திரும்பப் பேட்டரியின் மைனஸ். இவ்வளவுதான் பாதை. புது வண்டிகளில் ஸ்விட்சுக்கும் பல்புக்கும் நடுவே ஒரு கணினிப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஸ்விட்ச் அதற்குச் செய்தி சொல்லும், அது விளக்கைப் போடும். பாதையின் இரண்டு நுனிகளும் மாறுவதில்லை. போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வரும் வழியை, அதாவது எர்த்தை, கடைசியில்தான் பார்க்கிறார்கள். கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள மும்பையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலை உயர்ந்தது தேவையில்லை. அதைவிட முக்கியமாக ஒரு டெஸ்ட் லேம்ப் வேண்டும். கடையில் விற்கும் ஊசி மாதிரியான சின்னது போதாது. 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்து நீங்களே செய்துகொள்ளுங்கள். மீட்டர் மட்டும் போதாதா என்றால், போதாது. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை. 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அப்போதுதான் வயரின் லட்சணம் தெரியும். மாடி வீட்டுக் குழாய் மாதிரிதான் இது. விரலால் மூடிப் பார்த்தால் அழுத்தம் இருக்கும், திறந்துவிட்டால் நூல்போல வரும்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்குப் போகிறவை. அவற்றில் மீட்டரோ லேம்ப்போ எதுவும் வைக்காதீர்கள். பெடல் பக்கம் தலையை நுழைத்து வேலை செய்யும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். கணினிப் பெட்டி உள்ள வண்டிகளில் இந்த 21 வாட் லேம்ப்பைக் கண்ட வயரிலும் வைக்கக் கூடாது. பல்பு ஹோல்டரில் மட்டும் வையுங்கள்.

பெடலை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லையா? மாப் கம்பு ஒன்றை அளவாக அறுத்து, பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து, இருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளுங்கள். என் வீட்டில் அந்த மாப் காணாமல் போனது பற்றி இன்றுவரை விசாரணை நடக்கிறது.

"ஒரு பக்கம் எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது"

பல்பை முதலில் கழற்றிப் பாருங்கள், தப்பில்லை. இழை அறுந்திருந்தாலோ கண்ணாடி கறுத்திருந்தாலோ மாற்றுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது 21/5 வாட் பல்பு. கடையில் 'டபுள் காண்டாக்ட்' என்று கேட்டால் தருவார்கள். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு. டெயில் லைட் எரிகிறது, ஆகவே பல்பு நல்ல பல்புதான் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டும் தனித்தனி இழை. சந்தேகமென்றால் இடது பல்பை வலதில் போட்டுப் பாருங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்புதான். இடத்திலேயே இருந்தால் பல்பு நிரபராதி.

பல்பு நிரபராதி என்றால் ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. நீளமான வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் பிடியுங்கள். பெடலை அழுத்திய நிலையில் மறுமுனையை ஹோல்டரின் எர்த் காலில், அதாவது எர்த் வயர் வந்து சேரும் இடத்தில், தொடுங்கள். விளக்கு சட்டென்று பிரகாசமானால் கோளாறு எர்த்தில். வேறு எதையும் கழற்ற வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம்.

எவ்வளவு மோசம் என்று எண்ணில் தெரிய வேண்டுமென்றால் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை ஹோல்டரின் எர்த் காலில், பெடல் அழுத்தியபடி. நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டை ஒட்டி வரும். 0.2, 0.3 என்று ஏறினால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. தம்பியின் கூபேயில் 3.8 வந்தது. அப்படியானால் 12 வோல்ட்டில் பல்புக்குக் கிடைத்தது எட்டு சொச்சம்தான். வோல்ட்டேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் ஒளி மிக வேகமாக விழும், கால்வாசியளவுக்கு இறங்கிவிடும். புது டெயில் லேம்ப் போட்டும் மங்கலாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

எர்த் போல்ட்டைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் வேலை. ஹோல்டரிலிருந்து போகும் கறுப்பு அல்லது பழுப்பு வயரைத் தொடர்ந்து போங்கள். ஜெர்மன் வண்டிகளில் பெரும்பாலும் பழுப்பு. டிக்கியின் பக்கவாட்டுக் கம்பளத்தை விலக்கினால், நாலைந்து வயர்கள் ஒரே இடத்தில் வந்து போல்ட்டில் கூடியிருக்கும். அங்கே பச்சையாக ஒன்று பூத்திருந்தால் ஆள் அகப்பட்டான். அது செம்பில் ஊறும் களிம்பு. ஆன்மாவில் ஆணவம் செம்பில் களிம்புபோலக் கூடவே இருப்பது என்று சித்தாந்த வகுப்பில் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆணவத்துக்கு என்ன வைத்தியம் என்பது மறந்துவிட்டது. எர்த்துக்கு உப்புத்தாள் போதும்.

போல்ட்டைக் கழற்றுங்கள். தகட்டில் பெயின்டும் துருவும் போய் உலோகம் மின்னும் வரை தேயுங்கள். வயர் நுனியில் உள்ள வளையத்தின் இரு பக்கமும் தேயுங்கள். வளையத்துக்குள் வயர் நுழையும் இடத்தில் செம்பு கறுத்துப் போயிருந்தால் தேய்த்துப் பயனில்லை. கறுப்பில்லாத செம்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புது வளையம் போடுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்றைச் சேர்த்து இறுக்கிய பிறகு, மேலே வாஸலினோ கிரீஸோ தடவுங்கள். இறுக்கும் முன் அடியில் சீலன்ட் தடவி வைக்கிற புத்திசாலிகள் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், ஈரம் வெளியே நிற்க வேண்டும், வரிசை அதுதான்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. சில வண்டிகளின் உடலே உலோகம் கிடையாது. கார்வெட் 1953-இல் முதல் வண்டி வந்தபோதே ஃபைபர்கிளாஸ் உடலோடுதான் வந்தது. லோட்டஸ் எலீஸும் அப்படித்தான். கோவாவில் செய்த நம்மூர் சான் ஸ்டார்மும் அப்படித்தான். இவற்றில் எர்த்தைப் பக்கத்துத் தகட்டில் முடிய வழியில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் தனியாகச் சட்டகம் வரை ஓட வேண்டும். வயரின் நீளம் கூடக் கூட, நடுவில் கப்ளர்களும் (வயர்களை இணைக்கும் பிளக்குகள்) கூடும், கோளாறுகளும் கூடும். இத்தகைய வண்டியில் "பாடி எர்த் அடிச்சுட்டேன் சார்" என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னால் புன்னகைத்துவிட்டு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எர்த் நன்றாக இருந்தும் மங்கல் போகவில்லையா? அதே சோதனையை பிளஸ் பக்கம் செய்யுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸில், கறுப்பு முனை பல்பின் பிளஸ் காலில். இங்கே பெரிய எண் வந்தால் ஸ்விட்சோ கப்ளரோ வயரோ வோல்ட்டேஜைக் குடிக்கிறது. ஹோல்டரின் பித்தளை நாக்குகள் சூட்டில் விறைப்பை இழந்து பல்பைச் சரியாக அழுத்தாமல் இருப்பதும் உண்டு. மெல்ல நிமிர்த்திவிட்டால் சில மாதம் ஓடும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரை மாற்றத்தான் வேண்டும்.

டெயில் லைட்டின் மேல் கறுப்புப் படலம் ஒட்டிவிட்டு, பிரேக் லைட் மங்கல் என்று வருகிறவர்களுக்கு என்னிடம் சோதனை எதுவும் இல்லை.

"பிரேக் அழுத்தினால் வேறு எதெதோ எரிகிறது"

பெடலை அழுத்தினால் ஒரு பக்க இண்டிகேட்டர் மினுக்கென்கிறது, அல்லது டேஷ்போர்டு விளக்குகள் லேசாக வெளிச்சம் போடுகின்றன. வண்டிக்குப் பேய் பிடித்ததுபோல இருக்கும். இரண்டே காரணம்தான். ஒன்று மேலே சொன்ன எர்த். திரும்பும் வழி அடைத்திருப்பதால் மின்சாரம் பக்கத்து இழைக்குள் புகுந்து சுற்றிப் போகப் பார்க்கிறது. டெயில் லைட்டைப் போட்டுவிட்டுப் பெடலை அழுத்தும்போது வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தால், எர்த்தைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

இன்னொன்று தப்பான பல்பு. இது நான் செய்தது. டபுள் காண்டாக்ட் ஹோல்டரில் ஒற்றை இழை பல்பை அமுக்கித் திருகிவிட்டேன். ஒற்றை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும், டபுள் காண்டாக்ட் பல்பில் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும், அதனால் சாதாரணமாக உள்ளே போகக் கூடாது. பழைய ஹோல்டர், நானும் அவசரத்தில் இருந்தேன், போய்விட்டது. அடியில் உள்ள ஒற்றைப் பித்தளைப் பொட்டு இரண்டு கால்களையும் சேர்த்துத் தொட்டு, பிரேக் வயரையும் டெயில் லைட் வயரையும் ஒன்றாக்கிவிட்டது. பிரேக் அழுத்தினால் முன்பக்க பார்க்கிங் விளக்கு வரை எரிந்தது. பல்பைத் திருகும்போது கை வலித்தால் நிறுத்திவிட்டு அடியைப் பாருங்கள்.

"மூன்றுமே எரியவில்லை"

இடது, வலது, நடு மூன்றும் ஒரே நேரத்தில் செத்துப் போகாது. ஆகவே மூன்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள், அதாவது ஃபியூஸையும் ஸ்விட்சையும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், மீட்டரை வையுங்கள். ஃபியூஸ் சரி என்றால் ஸ்விட்சுக்கு வாருங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் பெடல் தண்டுக்கு மேலே, கால் வைக்கும் இடத்தில் தலைகீழாகப் படுத்தால் தெரியும் உயரத்தில் அது இருக்கும். தாழ்வான வண்டி, நமக்கோ வயது ஏறிய முதுகு. இருக்கையைப் பின்னால் தள்ளி, முடிந்தால் கழற்றியே வைத்துவிட்டு, கால்களை வெளியே நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சின் கப்ளரைப் பிடுங்கி, அதன் இரண்டு வயர்களை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, வெளியே வந்து பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். பிரேக் விளக்குகள் எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. இந்தச் சோதனை இரண்டே வயர் உள்ள பழைய ஸ்விட்சுக்கு மட்டும். நான்கு வயர் இருந்தால் எதை எதோடு இணைப்பது என்று சர்க்யூட் படத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

புது ஸ்விட்ச் மாட்டும்போது ஒரு கவனம். பல ஜெர்மன் வண்டிகளில் இது கால்வாசிச் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும், மாட்டும்போது தன் அளவைத் தானே ஒரு தடவை சரிசெய்துகொள்ளும் வகை. மாட்டும் முன் அதன் நடுக்குச்சியை வெளியே இழுக்க வேண்டுமா, பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினால் அளவு தப்பிப் போக வாய்ப்புண்டு.

மிகப் பழைய ஆங்கிலேய வண்டிகளில் பெடலுக்கு மேல் எதுவும் இருக்காது. ஆரம்பகால எம்ஜிபி போன்றவற்றில் பிரேக் ஆயில் போகும் குழாயிலேயே ஸ்விட்ச் திருகப்பட்டிருக்கும், ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும். பெடலை மெதுவாக அழுத்தினால் எரியாது, ஓங்கி அழுத்தினால் எரியும் என்றால் அந்த ஸ்விட்ச் கடைசி மூச்சில் இருக்கிறது. அதை மாற்றும்போது குழாயில் காற்று புகுந்தால் பிரேக்கையே ப்ளீட் செய்ய, அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற, வேண்டி வரும். அதை அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நடு விளக்கு மட்டும் எரிகிறது, இரு பக்கமும் இல்லையா? அமெரிக்கச் சந்தைக்காகச் செய்து இறக்குமதியான வண்டியாக இருந்தால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இண்டிகேட்டர் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். அங்கே பல வண்டிகளில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு இழைதான், மின்சாரம் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் பின்னால் போகும்.

"காலை எடுத்தாலும் அணையவில்லை"

இதுதான் என் ஞாயிற்றுக்கிழமைக் கதை. மூன்று 21 வாட் பல்புகள் சேர்ந்து ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் 50 ஆம்பியர்-மணி. இந்தச் சின்ன வண்டிகளின் பேட்டரிக்கு அது முழுச் சாப்பாடு.

பெடல் மேலே வந்து நிற்கும்போது ஸ்விட்சின் நடுக்குச்சியை அமுக்க வேண்டும், அப்போதுதான் விளக்கு அணையும். பெடல் தண்டில் குச்சி தொடும் இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையை ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான் அடைத்திருக்கும். ஜப்பானிய வண்டிகளில் இது சகஜம். வருடங்கள் ஓடி, வெயிலில் நின்று நின்று அந்தப் பொத்தான் பொடிந்து உதிர்ந்துவிடும். குச்சி ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், வண்டி நீங்கள் ராத்திரி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மிதியடியில் கிடந்த பிஸ்கட் தூள் அதுதான்.

பொத்தான் சில ரூபாய் சமாசாரம். ஓபரா ஹவுஸ் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் உடைந்த துணுக்குகளைக் கையில் வைத்துக் காட்டினால், அதே அளவில் வேறு ஏதாவது வண்டியின் பொத்தானையாவது எடுத்துத் தருவார்கள். அன்றைக்கே வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் தட்டைத் தலை உள்ள சின்ன போல்ட் ஒன்றை ஓட்டையில் நுழைத்துப் பின்னால் நட்டுப் போட்டு இறுக்குங்கள். நான் நான்கு மாதம் அப்படியே ஓட்டினேன். நட்டு நன்றாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கழன்று பெடலுக்கு அடியில் விழக் கூடாது.

பொத்தான் சரியாக இருந்தால் பெடலைக் கால் விரலால் மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அணைந்தால் பெடல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்விட்சின் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட தடித்த மிதியடி பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதும் அணையாவிட்டால் ஸ்விட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"விளக்கு எரிகிறது, ஆனால் கியர் 'பி'யை விட்டு நகரவில்லை"

இதை யாரும் பிரேக் லைட் கோளாறு என்று நினைப்பதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பி'யிலிருந்து, அதாவது பார்க்கிங் நிலையிலிருந்து, நகரும். மிதித்தோமா என்பதை அந்த ஸ்விட்ச்தான் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஸ்விட்சுக்குள் இரண்டு தொடுப்புகள் உண்டு. மிதிக்கும்போது ஒன்று சேரும், இன்னொன்று பிரியும். கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்லாவிட்டால் ஏபிஎஸ் விளக்கோ வழுக்கல் தடுப்பு விளக்கோ எரியும், குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது, கியர் பூட்டிக்கொள்ளும். பின்னால் விளக்கு எரிகிறதே என்று ஸ்விட்சை விடுதலை செய்துவிட்டு, கியர்பாக்ஸைப் பிரிக்கிற வரைக்கும் போன கதைகள் உண்டு. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் முதலில் ஸ்விட்சை மாற்றுங்கள், அது இருப்பதிலேயே மலிவான சாமான்.

நடு ரோட்டில் மாட்டிக்கொண்டால், கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் உண்டு. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, மூடியைத் திறந்து சாவி நுனியால் அழுத்தியபடி கியரை நகர்த்தலாம். வீட்டுக்குப் போக மட்டும்தான் அது.

"மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு மட்டும் இல்லை"

1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் கார்களுக்குக் கட்டாயமாகி, அப்புறம் உலகம் முழுக்கப் பரவிய விளக்கு இது. துணிக்கூரை வண்டிகளில் பின் கண்ணாடியில் வைக்க இடமில்லாததால் பெரும்பாலும் டிக்கி மூடியில் இருக்கும். அங்கேதான் வினையும். டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கீலுக்குப் பக்கத்தில் வயர் வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து, உறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். மாப் கம்பை முட்டுக்கொடுத்துவிட்டு டிக்கியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஏதோ ஒரு கோணத்தில் விளக்கு பளிச்சென்று வந்து போனால் வேறு சாட்சி வேண்டாம். ரப்பர் உறையை விலக்கி ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், அறுந்த வயர் ரப்பர் மாதிரி நீளும்.

இரண்டு நுனியையும் முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் தாங்காது. வளையாத இடம் வரை பழைய வயரை வெட்டிவிட்டு, நுண்ணிழை நிறைய உள்ள மெத்தென்ற புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். பற்றவைத்த இடம் கீலுக்கு நேரே வரக் கூடாது, பற்றவைத்த வயர் அங்கேயே மறுபடி ஒடியும். அறுந்தது ஒன்றுதான் என்று மூடிவிடாதீர்கள். கூடவே வளைந்த மற்ற வயர்களுக்கும் அதே வயதுதான்.

"ஃபியூஸ் போட்டால் போய்க்கொண்டே இருக்கிறது"

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும். ஃபியூஸ் இடத்தில் அந்த 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். பின்பக்க பல்புகளைக் கழற்றிவிட்டுப் பெடலை அழுத்துங்கள். லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் உடலைத் தொடுகிறது. வயரிங்கை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள், லேம்ப் அணையும் இடத்தில் நில்லுங்கள். டிக்கிக் கீல், பின்னால் மாட்டிய ஸ்பீக்கரின் ஸ்குரூ, எலி கடித்த இடம், இந்த மூன்றில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

"எல்இடி போட்ட பிறகுதான் எல்லாம்"

எல்இடியில் நிஜமான லாபம் ஒன்று இருக்கிறது. இழை பல்பு சூடேறி முழு ஒளிக்கு வர எடுக்கும் நேரத்தோடு பார்த்தால், எல்இடி ஏறத்தாழ 0.2 வினாடி முன்னதாக எரிந்துவிடும். பாந்த்ரா-வொர்லி ஸீ லிங்க்கில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது நாலரை மீட்டர். ஒரு கார் நீளம். ஆனால் இழை பல்புக்காகச் செய்த ஹோல்டரில் எல்இடியைச் செருகினால் தொல்லைகளும் வரும். பல்பு போய்விட்டதாக டேஷ்போர்டு புகார் செய்யும், ஏனென்றால் எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு. வண்டியை அணைத்த பிறகும் மினுமினுக்கும், பல்பு இருக்கிறதா என்று கணினி அனுப்பும் சின்னத் துடிப்பே அதற்குப் போதும்.

இதற்கு மருந்தாகத் தங்க நிறத்தில் ரெசிஸ்டர் ஒன்று விற்கிறார்கள், 6 ஓம், 50 வாட். 12 வோல்ட்டில் அது 24 வாட் சூட்டைக் கக்கும், தொட்டால் விரல் பொசுங்கும். அதை டிக்கிக் கம்பளத்துக்குப் பின்னால் டேப்பால் ஒட்டிவைப்பது நெருப்போடு விளையாட்டு. உலோகத் தகட்டில் ஸ்குரூவால் இறுக்குங்கள். ஃபைபர் உடல் என்றால் வேண்டவே வேண்டாம். கிளாசிக் வண்டிக்காரர்களுக்கு ஒன்று: 1967 வரை வந்த எம்ஜிபி வண்டிகளில் பிளஸ்தான் உடலோடு இணைந்திருக்கும். சாதாரண எல்இடி அங்கே எரியாது, பல்பு டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

மழைக்கு முன்

எர்த்தைத் தேய்த்து மூடிய ஒரே மாதத்தில் எனக்கு மறுபடி பச்சை பூத்தது. அப்போதுதான் டிக்கியில் ஈரம் எப்படி வருகிறது என்று யோசித்தேன். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் புழுதியும் அடைத்தால் அது உள்ளே திரும்பும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சில வண்டிகளில் பேட்டரியே டிக்கியில்தான், அங்கே தண்ணீர் தேங்கினால் எர்த் மட்டுமா போகும்?

துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், உள்ளே குழாய் கிழியும் அல்லது கழன்றுகொள்ளும். புல் வெட்டும் மெஷினின் தடித்த நைலான் நரம்பை உருட்டி உருட்டி இறக்கி, மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் இரு பக்கமும் தண்ணீர் சொட்ட வேண்டும். பிறகு டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு, முதல் பெருமழைக்கு மறுநாள் எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் சரி. நனைந்திருந்தால் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கத் துளைக்கு இன்னொரு தடவை நரம்பை விடுங்கள். கையோடு அந்தப் பக்கத்து எர்த் போல்ட்டையும் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள்.